ஒரே பேட்ச்சில் ஐந்து கோமாளிகள்

“…இந்தக் கூடையில மீனை உட்டு வெச்சிக்கினா, பொரிய நான் எதுல கொட்டறது, உங்க தலையிலயா?” என்றாள் என் மனைவி.

ஆயுத பூஜையன்று காலை. அவள் கையில் சந்தனக் கிண்ணம், கழுத்தில் மாலை போல இஞ்ச் டேப். எதிரே ஹால் ஜன்னலோரத்தில் என் மீன் தொட்டி. தொட்டியின் விளிம்பில் கம்பி வளைத்து மாட்டியிருந்தது கீரை அலசுகிற அவளுடைய பச்சைப் பிளாஸ்டிக் கூடை. பாதிக் கூடை தண்ணீருக்குள். அதற்குள் செட்டை கிழிந்த ஒரு கோமாளி மீன். கூடைக்கு வெளியே இன்னும் நான்கு. இதையெல்லாம் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் நான். அவள் பேச்சை அடுக்களையிலேயே ஆரம்பித்துவிட்டதால் முன்பாதி எனக்குக் கேட்கவில்லை. கேட்காததில் வருத்தமில்லை.

கடலுக்கும் ஓசூருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மலை ஏறி வந்து மேட்டில் உட்கார்ந்துகொண்ட ஊர் இது. இங்கே ரோஜா வளரும், முட்டைகோஸ் வளரும், கம்பெனி வளரும். கடல் வளராது. எனக்கும் கடலுக்கும் அதைவிடத் தூரம். நான் பிறந்தது விருதுநகர் பக்கத்துக் கரிசல். கண்மாய் நிறைந்தால் ஊரே போய் வேடிக்கை பார்க்கும். பிழைப்புக்கு ஓசூர் வந்து, இருசக்கர வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் உட்கார்ந்து, கெலமங்கலத்தில் பெண் எடுத்து இந்த ஊர் மாப்பிள்ளை ஆனவன். அப்படிப்பட்டவனுக்கு வீட்டுக்குள் கடல் வைக்க ஆசை வந்தது.

பெங்களூரில் ஒருவர் வெளிநாடு போகிறார், பவளப்பாறைத் தொட்டியை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கூட வேலை செய்யும் தூத்துக்குடிக்கார நண்பனை இழுத்துக்கொண்டு குட்டியானை வண்டியில் போனேன். கண்ணாடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, மோட்டார்கள், நுரை பிரிக்கிற குழாய், பவளம் ஒட்டிய கற்கள், கேன் கேனாகக் கடல் தண்ணீர். திரும்பும்போது அத்திப்பள்ளி எல்லையில் ஒரு காவலர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். கேனைத் தட்டி, “ஏனு இது?” என்றார்.

“சமுத்ரத நீரு சார்” என்றேன், எனக்குத் தெரிந்த கன்னடத்தில்.

என் முகத்தைப் பார்த்தார். மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தார். “உப்பு” என்றார். போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நல்லவேளை, அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது.

நண்பனுக்கு மட்டும் சமாதானமே ஆகவில்லை. வழி நெடுக, “என்னலே, எங்கூருல கடலு சும்மா கெடக்கு. எவனும் எடுத்துட்டுப் போவான்னு காவலுக்குக்கூட ஆளு போடல. நீ என்னடான்னா வாளி உப்பு வாங்கி சமுத்திரம் காய்ச்சுத” என்றான். காய்ச்சுவது என்று அவன் சொன்னது பொய்யில்லை. எங்கள் போர் தண்ணீர் ஆகாது. சுத்திகரித்த தண்ணீரில் அதற்கென்று விற்கிற உப்பைக் கலந்து, மோட்டார் போட்டுச் சுற்றவிட்டு, டார்ச் மாதிரி ஒரு கருவியில் சொட்டு விட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு உப்பளவைப் பார்க்க வேண்டும். கம்பெனியில் போல்ட்டின் விட்டத்தை மயிரிழை சுத்தமாக அளக்கிறவனுக்கு இது விருந்து. மனைவி ஒருநாள் அடுக்களை ஜாடியை நீட்டி, “இந்தக் கல்லுப்புல ரெண்டு கை அள்ளிப் போட்டா ஆவாதா?” என்றாள். அன்றைக்கு அவளுக்கு உப்பைப் பற்றி நான் நடத்திய வகுப்பில் சோறு ஆறிப்போனது.

ஆனால் வழக்கு உப்பில் இல்லை, மூலையில். எங்களுடையது சின்ன வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை, பின்னால் துணி துவைக்கும் இடம். பக்கத்து வீட்டுச் சுவர்கள் மூன்று பக்கமும் நெருக்கியிருக்க, நல்ல வெளிச்சம் வருவது ஹால் ஜன்னல் ஒன்றில்தான். இன்வெர்ட்டர் பிளக்கும் அங்கேதான். என் மனைவி ரவிக்கை தைப்பவள், ஆரிப் பூவேலையும் செய்வாள். அந்த ஜன்னலுக்கு நேராகத் தையல் மிஷினைப் போடுவதாக எப்போதோ சொல்லியிருந்தாள். நானும் எப்போதோ தலையை ஆட்டியிருந்தேன். யுகாதிக்கு அவள் கெலமங்கலம் போனாள். அந்த இடைவெளியில் தொட்டி வந்து அங்கே உட்கார்ந்துவிட்டது. தொட்டியைப் பார்க்க வேண்டாமா? அதற்காக ஒரு சாய்வு நாற்காலியும் வாங்கினேன். கால் நீட்டினால் கூடவே நீளுகிற ரகம். நீட்டியபின் பாதி ஹால் அதனுடையது.

திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றாள். “அம்மா வூட்டுக்குப் போய் ரெண்டு ஒப்பிட்டுப் போளி தின்னுட்டு வர்றதுக்குள்ள வூட்டுக்குள்ள சமுத்திரம் வந்துடுச்சா?” என்றாள். மிஷின் படுக்கையறையில், டியூப்லைட்டுக்குக் கீழே, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் முழங்கால் இடிக்க நின்றது.

தொட்டித் தண்ணீர் பழகும்வரை மீன் விடக்கூடாது. அதுவரை நாற்காலியில் சாய்ந்து வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். “படம் போடறதுக்கு முன்னாடியே தியேட்டர்ல குந்திக்கினு வெள்ளத் துணியப் பாக்கற ஆளு நீங்க” என்று அதற்கும் ஒரு சொல் கிடைத்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: யாராவது நன்றாகத் திட்டினால், திட்டை மறந்து வாக்கியத்தை ரசிக்க ஆரம்பித்துவிடுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு பேர் வாயிலிருந்து பொறுக்கியதுதான். பத்தாவதுக்குமேல் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் வரை நான் பார்த்ததில்லை. மீன் வளர்ப்பைப் பற்றிய குறிப்புகளையும் அப்படித்தான் முதல் பத்தியோடு விட்டேன்.

கோமாளி மீன் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. அனிமோன் என்கிற கடல் உயிர், பூ மாதிரி விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும். மற்ற மீன்களுக்கு அந்த விரல் விஷம், இந்த மீனுக்கு அதுதான் மெத்தை. எல்லாரும் ஒரு ஜோடி வைப்பார்கள். ஜோடிக்குமேல் வேண்டாம் என்று வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். பெங்களூர்க் கடைக்காரர்தான் என் மனதுக்குப் பிடித்ததைச் சொன்னார்: “அஞ்சும் ஒரே பேட்ச் சார். ஒண்ணாவே பொறந்து ஒண்ணாவே வளந்தது. சண்டையே வராது.”

ஒரே பேட்ச்! தரம் பார்க்கிறவனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் போதும். ஒரே பேட்ச் என்றால் ஒரே குணம். ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரி. ஐந்தையும் பையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் இன்னும் இரண்டு சொல் சொன்னார். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் சத்தத்தில் அரைகுறையாக விழுந்தது: “சின்னதா இருக்கற வரைக்கும்.”

வீட்டில் ஐந்தையும் விட்டுவிட்டு, கூட்டுக்குடும்பத்தின் மேன்மையைப் பற்றி மனைவியிடம் பேசினேன். அவள் மிஷின் பாபினில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

“ஆயுத பூஜை வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கு அஞ்சும் உசிரோட, ஒரே தொட்டியில, அடிச்சிக்காம ஒண்ணா இருந்துச்சுன்னா அந்த மூலை மீனுக்கே. இல்லேன்னா என் மிஷினுக்குப் பொட்டு அந்த ஜன்னல்கிட்டதான் வெப்பேன். அதுக்கப்புறம் தீவாளி ஆர்டர். இந்த டியூப்லைட்டுல இன்னொரு தீவாளி என் கண்ணு தாங்காது.”

“எழுதி வெச்சுக்க” என்றேன் பெரிய மனிதனாக.

முதல் மாதங்களில் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஐந்தும் அனிமோன் மேல் புரண்டு படுத்தன. ஒன்று நகர்ந்தால் நான்கும் பின்னால் போயின. அதைக் கைபேசியில் படம் பிடித்து, ஷிப்ட் ஆரம்பிக்குமுன் நடக்கும் காலைக் கூட்டத்தில் லைன் ஆட்களுக்குக் காட்டினேன். “பாருங்க, டீம் ஒர்க்குன்னா இது. யாரும் யாரையும் குறை சொல்லல” என்று அறிவுரை வேறு. பின்வரிசையில் ஒரு பெண், “சார், அதுங்களுக்கு டார்கெட் இல்ல சார்” என்றாள். கூட்டம் அத்தோடு கலைந்தது.

ஆடி பிறப்பதற்குள் ஒன்று மட்டும் வளர்ந்துவிட்டது. அதைப் பெரியது என்று வைத்துக்கொள்வோம். நான் மனதுக்குள் வேறு பேர் வைத்திருந்தேன், அது எங்கள் மேலாளர் ஒருவருடையது. அடுத்தது அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. மற்ற மூன்றும் வளரவே இல்லை. பெரியது பக்கத்தில் வந்தால் கடைசிச் சின்னது உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து வெடவெடவென்று ஆடும். நான் நடனம் என்று நினைத்து அதையும் படம் எடுத்து அனுப்பினேன். குழுவில் ஒருவர் பதில் போட்டார்: “அது டான்ஸ் இல்லை தலைவரே, கும்பிடு.”

அப்புறம்தான் முதல் பத்தியைத் தாண்டிப் படித்தேன். இந்த மீன் பிறக்கும்போது எல்லாம் ஆண். கூட்டத்தில் வலுத்தது பெண்ணாகிவிடும். அடுத்தது அதற்குப் புருஷன். மிச்சமெல்லாம் பெரிதானால் அடி விழும் என்று பயந்து வளராமலே இருக்கும். கடலில் துரத்தினால் ஓட இடம் உண்டு. என் கடலுக்கு நான்கு பக்கமும் கண்ணாடி. ஓடி ஓடிச் சின்னது மோட்டார் குழாய்க்குப் பின்னால், தண்ணீரின் மேல்மட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. வால் நுனி பிய்ந்திருந்தது.

நான் செய்த முதல் காரியம், கூடை. பெரியதைப் பிடித்து மனைவியின் கீரைக் கூடையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். தண்ணீர் போகும் வரும், மீன் போகாது. சஸ்பென்ஷன். இப்படிச் சில நாள் அடைத்துவைத்தால் அடங்கும் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். மற்ற நான்கும் ஜெயிலில் மனு பார்க்க வந்தவர்கள் மாதிரி கூடையைச் சுற்றி நின்றன. “கூடையக் கண்டீங்களா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தபோது மூன்றாம் ஷிப்டு முடித்த தூக்கத்தில் இருப்பதாக நடித்தேன். விடுவித்ததும் பெரியது, சிறையில் இருந்த நாளுக்கும் சேர்த்து அடித்தது.

இரண்டாவதாகச் செய்ததை நான் கம்பெனியில் கற்றேன். எங்கள் லைனில் இரண்டு பேருக்குள் ஆகவில்லை என்றால் பஞ்சாயத்து பேச மாட்டோம். வாய் பெரிதாக இருக்கிறவரை வேறு லைனுக்கு மாற்றிவிடுவோம். அதற்கு ரொட்டேஷன் என்று கௌரவமான பேர். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப அழைத்தால் ஆள் சாதுவாக வந்து பழைய மிஷினில் நிற்பார். எத்தனையோ பேரை இப்படித் திருத்தியிருக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. ஆகவே பெரியதற்கு மாற்றல் உத்தரவு போட்டேன். துணி துவைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, ஒரு மோட்டார், குடித்தனத்துக்கு ஒரு கல். மேலே பழைய துண்டு.

“அது என்னாது?” என்றாள் மனைவி.

“தண்ணி கலக்கிறது. வெளிச்சம் படக்கூடாது” என்றேன். வாயிலிருந்து பொய் வழுக்கிக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

லைன் அமைதியானது. நான்கும் அனிமோனில் படுத்தன. நாற்காலியில் சாய்ந்து, எண்ணிக்கை கேட்பவர்களுக்கு மட்டும் பதில் தயார் செய்துகொண்டேன். முதலில் கேட்டவர் மாமனார். கெலமங்கலத்தில் சாமந்தி போடுகிற விவசாயி. கோழி, ஆடு எல்லாம் உண்டு. மருமகனிடம் பேசத் தமிழ், மண்டிக்காரரிடம் சண்டைக்குக் கன்னடம், எண்ணுவதற்குத் தெலுங்கு என்று மூன்றையும் பிரித்து வைத்திருப்பவர். அனிமோனைப் பார்த்து, “இதென்ன மாப்ள, என் சாமந்தி தண்ணிக்குள்ள மொளச்சிருக்குது?” என்றார். பிறகு கண்ணாடியில் விரலை வைத்து எண்ணினார்.

“ஒகட்டி… ரெண்டு… மூடு… நாலுகு…” விரல் அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார்.

“ஒண்ணு கல்லுக்குப் பின்னால இருக்கு மாமா.”

“வந்ததுலருந்து பாக்கறேன், கல்லுக்குப் பின்னாலருந்து வரவேயில்ல. அதுக்கு மட்டும் என்ன, நைட் ஷிப்டா?”

அடுக்களையில் கரண்டி சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி கேட்டது.

அந்த நாட்களில்தான் கரும்பச்சை ரவிக்கை வந்தது. கல்யாணப் பெண்ணுடையது, கை முழுக்க ஆரி வேலை. கரும்பச்சைத் துணியில் கரும்பச்சை நூல். படுக்கையறை டியூப்லைட்டில் கரும்பச்சை நூலும் கருநீல நூலும் ஒரே கறுப்பாகத் தெரிந்திருக்கின்றன. ஒரு கை முழுவதையும் கருநீல நூலில் போட்டுவிட்டாள். பெண்ணின் அம்மா வந்து வாசலில் வெயிலில் விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த அம்மா சத்தம் போடவில்லை. “ஏம்மா, உனக்குக் கண்ணு கிண்ணு பாக்கணுமா?” என்று அனுதாபமாகக் கேட்டுவிட்டுப் போனார். சத்தம் போட்டிருக்கலாம்.

மனைவி பிரித்துத் தைக்க உட்கார்ந்தாள். வெளிச்சத்துக்காகத் துணி துவைக்கும் இடத்தில் போய் முக்காலி போட்டுக்கொண்டாள். மேலே தகரத்தில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்திருக்கும், அங்கே கொஞ்சம் வெயில் இறங்கும். துண்டு போர்த்திய தொட்டிக்குப் பக்கத்திலேயே. நான் ஓடிப்போய் நடுவில் நின்றுகொண்டேன்.

“வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றாள், தலை தூக்காமல்.

நகர்ந்தால் தொட்டி தெரியும், நகராவிட்டால் நூல் தெரியாது. ஒரு காலை மட்டும் நகர்த்தினேன். பிரிக்கிற ஊசி டிக் டிக்கென்று நூலை அறுத்தது. துண்டுக்குக் கீழே மோட்டார் உர்ரென்றது. கண்ணில் தண்ணீர் வந்தால் அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ஜன்னலை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று ஒரு நொடி வாய் வரை வந்தது. ஆனால் பந்தயத்தில் தோற்றவன் என்ற பேரை மாமனார் எந்த மொழியில் சொல்வாரோ என்ற யோசனையும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டேன். வாய் பெரியவரை மாற்றல் செய்தவன்!

ஆயுத பூஜைக்கு முதல்நாளே கம்பெனியில் பூஜை போட்டுவிடுவோம். மிஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, பட்டை, சாமந்திச் சரம். விட்டம் அளக்கிற வேர்னியர் காலிப்பருக்குக்கூடப் பொட்டு. பொரியும் சுண்டலும் கையுமாகச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கெடு. பெரியதைத் திரும்ப லைனில் சேர்க்க வேண்டும். மாமனார் பூசணிக்காயும் சாமந்தி மூட்டையுமாக வந்திருந்தார். பொதுவாக விசாரிக்கிற மாதிரி கேட்டேன்.

“மாமா, கோழிக்கூண்டுல புதுக்கோழி உட்டா மத்தது கொத்துமே, என்ன பண்ணுவீங்க?”

“இருட்டுனப்புறம் உடணும் மாப்ள. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு தூங்கிடும். விடிஞ்சா எது புதுசு எது பழசுன்னு அதுங்களுக்கே தெரியாது.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பினார். “நீ எப்பலருந்து கோழி வளக்கற?”

விளக்கு வைத்து, சாப்பாடு முடிந்து, தொட்டி லைட்டை அணைத்தபின், சின்னத் தொட்டியிலிருந்து பெரியதை ஒரு குவளையில் கொண்டுவந்து சத்தமில்லாமல் சாய்த்துவிட்டேன். கம்பெனி அறிவும் கோழி அறிவும் ஒருவனிடத்தில் சேர்ந்திருக்கிறதே என்று வியந்துகொண்டே படுத்தேன்.

கம்பெனியில் மாற்றலில் போனவரின் மிஷின் அவருக்காகக் காத்திருக்கும். தண்ணீரில் நாற்காலி காத்திருப்பதில்லை. பெரியது போனதும் புருஷன் மீன் பதவி உயர்வு வாங்கி, தின்று, வளர்ந்து, தானே பெண்ணாகியிருக்கிறது. மற்ற மூன்றில் ஒன்று புருஷனாகியிருக்கிறது. நான் அமைதி என்று நினைத்துச் சாய்ந்துகொண்டிருந்த நாளெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. காலையில் விழித்துப் பார்த்தால் இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு தொட்டியின் அடியில் உருண்டன. சொந்த வீட்டுக்குத் திரும்பியது ஒன்று, வீட்டுக்காரி நான்தான் என்றது மற்றொன்று. விலக்கிவிடக் கையை விட்டேன். என் விரலையும் ஒன்று கடித்தது. எது என்று சொல்லத் தெரியவில்லை, ஒரே பேட்ச்.

பெரியதற்குத்தான் சேதம் அதிகம். கைக்கு எட்டிய முதல் பொருளில் அதை வாரினேன். அடுக்களைத் திண்டில் பொரிக்காகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பச்சைக் கூடை அது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். “அங்க இப்ப ரெண்டு அம்மா ஆயிடுச்சு சார். ஒண்ணு இருக்கற எடத்துல இன்னொண்ணு இருக்காது. அதைத் தனியா வெச்சிருங்க. மிச்சத்துலயும் சின்னது ரெண்டையும் கொண்டாங்க, நான் எடுத்துக்கறேன். ஒரு ஜோடிதான் சார் வீட்டுக்கு.”

“அன்னிக்கு ஒரே பேட்ச், சண்டை வராதுன்னீங்க?”

“சின்னதா இருக்கற வரைக்கும்னேனே சார்.”

போனை வைத்து, நாற்காலியில் சாய்ந்து, கூடைக்குள் பெரியது செட்டையை மெதுவாக அசைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி கூடையைத் தேடிக்கொண்டு அடுக்களையிலிருந்து பேசியபடி வந்தாள். பொரியை எதில் கொட்டுவது, என் தலையிலா என்று கேட்டாள்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். என்னிடம் இருந்தது என் தொழில்.

“நீ கேட்டது என்ன? அஞ்சும் உசிரோட இருக்கணும். இருக்கு. ஒரே தொட்டியில இருக்கணும். இருக்கு பாரு, கூடை தொட்டிக்குள்ளதான் தொங்குது.”

“அடிச்சிக்காம?”

“இப்ப அடிச்சிக்கலையே.”

“ஒண்ணா?”

வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்த மாமனார் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “கூடைக்குள்ள இருக்கறதும் ஒண்ணாதான் சேத்தியா மாப்ள? அப்போ ஜெயில்ல இருக்கறவனும் குடித்தனம்தான் பண்றான்.”

இந்த வாக்கியத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அந்த நிலையிலும் எனக்குத் தோன்றியது.

மனைவி சந்தனக் கிண்ணத்தைத் தொட்டியின் மூடிமேல் வைத்தாள். கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை உருவினாள். அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீரை எத்தனை கேனில் இறைப்பது, பவளத்தை யாருக்குக் கொடுப்பது, தூத்துக்குடிக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது என்று மனக்கணக்கு ஓட ஆரம்பித்தது.

அவள் தொட்டிப் பக்கம் குனியவில்லை. “எழுந்திரிங்க” என்றாள்.

எழுந்தேன். நாற்காலியின் தலையிலிருந்து கால் நீளும் நுனி வரை டேப்பை ஓட்டினாள். பிறகு குறுக்கே. படுக்கையறைக் கதவு வழியாக மிஷினை ஒரு பார்வை பார்த்தாள், ஜன்னலை ஒரு பார்வை. “இதோட பாதி போதும்” என்றாள், யாரிடமும் இல்லாமல். அப்பாவைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து, என் சாய்வு நாற்காலியை வெளியே தூக்கிப்போய், மாடிப்படிக்குக் கீழே செருப்பு விடுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். மிஷினை உருட்டிக்கொண்டு வந்து தொட்டியின் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் ஊசியில் விழுகிற மாதிரி நிறுத்தினாள். ஒரு கருப்புத் துணித் துண்டை ஊசிக்கடியில் வைத்து, நூலைப் பார்த்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி பார்த்தாள்.

“பின்னாடி துண்டு போத்தி வெச்சிருக்கீங்களே, தண்ணி கலக்கற சொப்பு, அதை எடுத்தாங்க. மிஷின் மேசை ஓரத்துல வெக்கலாம். பாவம், தனியா கெடந்து பழகுன மீனு, என்கூட இருக்கட்டும்.”

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. எடுத்துவந்து வைத்தேன், பெரியதை அதில் விட்டேன்.

அவள் மிஷின் சக்கரத்துக்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். கத்தரிக்கோலுக்கு வைத்தாள். இரண்டு தொட்டிக் கண்ணாடிக்கும் வைத்தாள். பிறகு பச்சைக் கூடையைக் கொண்டுபோய் உப்பு வாடை போகும்வரை குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். உதறி, துடைத்து, பொரியைக் கொட்டி, பொட்டுக்கடலையும் வெல்லமும் கலந்து, முதல் கைப்பொரியை உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்த என்னிடம் நீட்டினாள்.